கரி டொக்டரும் நான் தோய்ப்பித்த சாரமும்

துவக்குச்சூட்டு வழக்கின் தடயத்தை வெளுக்கப் போட்டு, அயனும் பண்ணி எடுத்த, கோப்பெழுதும் லிகிதர் இந்தத் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த சட்ட வைத்தியப் பிரிவின் பெரியவரை எல்லோரும் ‘கரி டொக்டர்’ என்போம். உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே கேள்வி: கிட்டவா, தூரவா? துவக்கை முட்டவைத்து வெடித்தால் கரியும் எரியாத வெடிமருந்தும் காயத்துக்குள்ளேயே போய்விடும். எட்ட நின்று வெடித்தால் ஒன்றும் ஒட்டாது. கன்ரீன் ரொட்டியையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, “நெருப்பு முட்டியிருக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சம்பலைத் தொடுவார்.

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் தொடையில் வெடிபட்டு வந்தார். முதல்நாள் தங்கை புருஷனோடு வரம்புச் சண்டையாம். அந்த மச்சான்தான் முப்பது யார் தூரம் தள்ளி நின்று சுட்டதாம். தான் சுடவேயில்லை என்ற மச்சானைப் பொலிஸ் பிடித்து மறியலில் அடைத்தது. தங்கை காலையில் வார்டில் அண்ணனுக்குச் சூப் கொடுப்பாள். பிறகு அதே பையோடு மறியலுக்குப் புருஷனின் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோவாள். இடையில் எங்கள் பிரிவு வாசல் வாங்கில் வந்து குந்தியிருந்து, போகிற வருகிற எங்களிடம் கேட்பாள்:

“ஐயா, ரெண்டு பேரில ஆர் பொய் சொல்லுறது?”

டொக்டர், காயப்பட்டவர் வெடிபடும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கேட்டார். கறுத்து நாறிக் கிடந்ததால், நீதவான் பார்க்கக் கோட்டுக்குப் போகிற உடுப்பு மரியாதையாகப் போகட்டுமென்று நான் தோய்ப்பித்திருந்தேன். மேசையில் வைத்தேன். சவர்க்காரம் மணந்தது.

“ஐசே, ஓட்டையையும் அயன் பண்ணினவையோ?”

“ஓம் சேர்.”

அவர் ஏசவில்லை. காயத்திலிருந்து சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த சதை போத்தலில் இருந்தது. அதை ஆராய்ந்தார். ஆழத்தில் கரி, மிளகுத்தூள் மாதிரி எரியாத மருந்து.

“இது உங்களால தோய்க்க ஏலாத இடம்,” என்றார்.

பிறகு வார்டுக்குப் போய்க் கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டார்.

“முப்பது யார் தூரத்தில நிண்டவர், துவக்கை மட்டும் உங்கட தொடையில முட்ட வச்சவரோ?”

அண்ணன் சுவரைப் பார்த்தார்.

“காட்டுப்பண்டி சுடக் கொண்டுபோன துவக்கு, டொக்டர். வேலி கடக்கேக்க என்ர கையிலதான் வெடிச்சது. ஊர் சிரிக்குமெண்டு மச்சான்ர பேரைச் சொன்னனான்.”

மச்சான் வீட்டுக்குப் போனார். டொக்டர் அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை: ‘சாரம் எமது தவறால் தோய்க்கப்பட்டது.’ என் பெயரைத் தேடினேன். ‘எமது’ மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்து வருடம் அவருக்குக் கோப்புத் தூக்கியிருப்பேன்.

அவர் ஓய்வுபெற்றபோது ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு ஒரு புதுச் சாரம் கொண்டுபோனேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“நல்லது. இதையாவது தோய்க்காமல் கொண்டுவந்தனீங்கள்.”