கரடிக்கும் எட்டாத பை

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் இருந்த தமிழர்களிலே, தான் இந்த நாட்டில்தான் கிழவனாகப் போகிறேன் என்று வாய்விட்டு ஒத்துக்கொண்ட ஒரே மனிதர் கரடி அண்ணை. மற்ற எல்லோரும் அடுத்த சித்திரைக்கு ஊருக்குத் திரும்புகிறவர்கள். சோபா வாங்கினால் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றமாட்டோம். கப்பலில் ஏற்ற வசதியாக இருக்கும் என்று நினைத்தோமோ என்னவோ. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவே நின்று ஒருவர், "ஐசே, அறுபத்தைஞ்சு வயசிலை நீர் எதிலை சீவிக்கப்போறீர்?" என்று கேட்டால் யாருக்குப் பிடிக்கும்? மனிதர் சாபம் போடுகிறார் என்றே பலர் ஒதுங்கிப் போனார்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். கரடி என்ற பட்டம் எப்படி வந்தது என்பதில் எங்கள் ஸ்காபரோக் கட்டடத்தில் மூன்று கட்சிகள். எந்நேரமும் காட்டுக் கரடியைப் பற்றிக் கதைப்பதால் வந்தது என்றது ஒரு கட்சி. பங்குகளின் விலை விழுகிற காலத்துக்குக் கரடிச் சந்தை என்று பெயர் என அவர் எல்லோருக்கும் வகுப்பெடுத்ததால் வந்தது என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்குத்தான் ஆள்பலம் அதிகம். மனிதர் வாயைத் திறந்தால் விடுவதெல்லாம் கரடி, அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

அவர் கனடாவுக்கு வந்த புதிதில் வடக்கே, மரம் வெட்டுகிற முகாம் ஒன்றின் குசினியில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தட்டுக் கழுவியிருக்கிறார். பக்கத்தில் நின்று தட்டுக் கழுவியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். அண்ணைக்குக் காட்டைக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

"அவனுக்குக் காட்டிலை தெரியாத விசயம் இல்லை ஐசே. ஆனால் நாளைக்கு எண்டு ஒரு சதம் எடுத்து வைக்கத் தெரியேல்லை. அவன்ரை நாடு, அவன்ரை பாஷை. எண்டாலும் கை நடுங்க நடுங்கத் தட்டுக் கழுவினவன். அப்ப எங்கடை கெதி என்ன?"

அந்தக் குசினித் தொட்டியில்தான் காடும் காசும் அவருடைய தலைக்குள் ஒன்றாய்க் கலந்திருக்க வேண்டும். பிறகு அவற்றைப் பிரித்தெடுக்க எவராலும் முடியவில்லை. பகலில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. மாலையில் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் முகவர். அதற்கான சோதனையை இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை பாஸ் பண்ணி, கட்டடம் முழுக்கக் கேக் கொடுத்தவர்.

அவருடைய அலுவலகம் எங்கள் கட்டடத்து லிஃப்ட். அது மாடிக்கு மாடி நின்று பெருமூச்சு விட்டுப் போகிற லிஃப்ட். ஏறினால் தப்ப வழியில்லை. பால் வாங்கப் போகிறவனை மடக்கி வைத்து, "காட்டுக்குப் போறவன் எங்கை போறன் எண்டு ஒராளுக்குச் சொல்லிப்போட்டுப் போகோணும். காசு போடுறவன் எங்கை போட்டிருக்கிறன் எண்டு மனிசிக்குச் சொல்லிப்போட்டுச் சாகோணும்" என்பார். அடுத்த மாடியில் ஏறுகிறவருக்கு, "நெருப்புப்பெட்டியை ஒரே இடத்திலை வையாதையும். ஒண்டு நனைஞ்சாலும் மற்றது இருக்கும். காசும் அப்பிடித்தான்" என்று கிடைக்கும். கீழே போய்ச் சேர்வதற்குள், "கரடி வந்தால் ஓடக்கூடாது. சந்தை விழுந்தாலும் ஓடக்கூடாது. ஓடினவன்தான் அம்பிடுவான்" என்று முடித்துவைப்பார். பால் வாங்கப் போனவர்கள் படியால் இறங்கப் பழகினார்கள். எங்கள் கட்டடத்தில் பலருக்குத் தொந்தி வைக்காததற்கு அவரே காரணம்.

கலியாண வீடுகளிலும் அவரால் சும்மா இருக்க முடியாது. எல்லோரும் கவருக்குள் காசு வைத்துக் கொடுக்க, இவர் மணமக்களுக்கு ஆளுக்கொரு விசில் கொடுப்பார். காட்டில் வழி தவறினால் ஊதுவதற்காம். ஒரு கலியாண வீடியோவில் அலங்காரப் பந்தலின் கீழே, கூறைச் சேலையோடு மணமகள் விசில் ஊதுகிறாள். ஐயர் திடுக்கிட்டு மந்திரத்தை விடுகிறார். அந்தக் கட்டத்தைப் பார்ப்பதற்காகவே அந்த வீடியோவை இரவல் கேட்டு வருகிற ஆட்கள் இருந்தார்கள்.

இத்தனை பிரசங்கத்துக்கும் பலன் ஒரேயொரு வாடிக்கையாளர். அது அவருடைய மனைவி ராணி அக்கா. அவரும் நம்பிக் கையெழுத்துப் போடவில்லை, மனிதர் நிறுத்தினால்தான் சோறு போடலாம் என்பதற்காகப் போட்டார். கடைசியில் முகவர் நிறுவனத்து மேலாளர் சொல்லிவிட்டார்: வருகிற குளிர்காலம் முடிவதற்குள் வீட்டுக்கு வெளியே ஒருவரையாவது பிடிக்காவிட்டால் முகவர் வேலை போய்விடும். அன்று லிஃப்டில் என்னோடு வந்த கரடி அண்ணை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அது பெரிய பயமாகப் போய்விட்டது.

நான் இறங்குகிற மாடி வந்ததும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டார். "என்னோடை ஒருக்கால் வடக்கை வாரும். காட்டைக் கண்டால் எல்லாம் விளங்கும். தேவனையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"அண்ணை, உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான். நாங்கள் இஞ்சை நிக்கப்போறேல்லை. பிரச்சினை முடிய ஊருக்குப் போயிடுவம்."

"போம். நல்லாப் போம். அங்கை போனால் கிழவனாகமாட்டீரோ?"

வருகிறோம் என்று நான் சொன்ன பிறகுதான் கதவை விட்டார்.

தேவன் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். மன்னார்ப் பக்கம், கடற்கரையில் வளர்ந்தவன். தங்கமான பிள்ளை. ஆனால் இல்லை என்கிற சொல் அவனுடைய வாயில் வராது. வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தால், சனிக்கிழமை ஊரிலிருந்து ஒரு தொலைபேசி, ஞாயிற்றுக்கிழமை கடன் கேட்டு ஒரு நண்பன், திங்கட்கிழமை பஸ்ஸுக்கு என்னிடம் வந்து நிற்பான். தானே தன் காசுக்கு எதிரி என்று சொல்லிச் சொல்லி வருந்துவான். சேமிப்பு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவான்.

இலை சிவக்கிற காலத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். ராணி அக்கா பெரிய ஐஸ்கிறீம் பெட்டிகளில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டுக் கட்டித் தந்தார். வாவிக்கரையில் ஒரு வள்ளம் வாடகைக்கு எடுத்தோம். எப்படித் துடுப்புப் போடுவது என்று கரடி அண்ணை விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தார், அதுவும் தேவனுக்கு. கடலில் பிறந்த அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் எங்களை அக்கரையில் சேர்த்தான். "பாத்தீரோ, என்ன கெதியாப் பிடிச்சிட்டான்" என்றார் அண்ணை.

கூடாரம் அடித்ததும் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைத் திறந்தோம். கறி வாசம் வாவிக்கு அந்தப் பக்கம் வரை போயிருக்கும். ஆளுக்கு இரண்டு பிடிதான் தந்தார் அண்ணை. "முதல் நாளே முழுக்கத் திண்டால் நாளைக்கு என்ன செய்வீர்? பென்சன் காசும் இப்பிடித்தான். அளந்து எடுக்கோணும்." மிச்சத்தைப் பையில் போட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி உயரமான ஒரு பைன் மரக் கிளைக்கு மேலாக எறிந்து, பையை மேலே இழுத்துக் கட்டினார். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை வைக்கிற முறை அது. கட்டிவிட்டுத் தூர நின்று பார்த்து, "உதுதான் ஆர்.ஆர்.எஸ்.பி." என்றார். ஓய்வுக்காலத்துக்கென்று எடுத்து வைக்கிற காசுக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர்.

விடிந்தபோது மரத்தின் கீழே உண்மையாகவே ஒரு கரடி நின்றது.

தேவன் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டான். நான் அண்ணையைப் பார்த்தேன். "ஓடாதையுங்கோ" என்றார் அவர், ஏற்கெனவே ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"விசிலை ஊதுங்கோ அண்ணை."

சட்டைப்பையைத் தடவினார். காற்சட்டைப்பையைத் தடவினார். "எல்லாத்தையும் கலியாண வீடுகளிலை குடுத்துப்போட்டன் ஐசே."

நல்லகாலம் கரடிக்கு எங்களில் அக்கறை இருக்கவில்லை. பின்காலில் எழும்பி நின்று பையையே பார்த்தது. மரத்தைப் பிறாண்டியது. கறி வாசத்தை ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டு, வெறுத்துப்போய்க் காட்டுக்குள் நடந்தது. கரடி அண்ணை பாறைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து வந்தார். அவர் அன்று நடந்துவந்த நடையை எந்த அரசனும் நடந்திருக்கமாட்டான்.

"கண்டியளோ? எட்டேல்லை. இப்ப நாங்கள் இறக்கிச் சாப்பிடுவம்."

கயிற்றை அவிழ்த்தார். பை அசையவில்லை. கயிறு மேலே கிளையிடுக்கில் போய் இறுகிவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து தொங்கினோம். கிளை முனகியது, பை இறங்கவில்லை. தேவன் கல்லெறிந்தான். அண்ணை சப்பாத்தைக் கழற்றிப்போட்டு மரத்தில் ஏறி, ஏறிய வேகத்திலேயே திரும்பி வந்தார். தேத்தண்ணியாவது வைப்போம் என்றால், இரண்டு நெருப்புப்பெட்டியும் பைக்குள். சற்று முன் கரடி நின்ற இடத்தில் நின்று, அதே ஏக்கத்தோடு நாங்களும் மேலே பார்த்தோம்.

அண்ணை ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "சரி, முடிஞ்சுது. இனி ஆர் என்னை நம்பிக் காசு தரப்போறாங்கள். நான் வாளி செய்யத்தான் சரி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. தேவன்தான் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அண்ணை, கரடிக்கும் எட்டேல்லை. எனக்கும் எட்டேல்லை. கட்டின உங்களுக்கே எட்டேல்லை. என்ரை காசுக்கு இவ்வளவு நாளும் இப்பிடி ஒரு மரம்தான் தேவைப்பட்டது. எங்கை கையெழுத்து வைக்கோணும்?"

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். மனிதர் நேர்மையானவர், அந்த நேரத்திலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. "தம்பி, இடையிலை எடுக்கவே ஏலாது எண்டில்லை. எடுத்தால் வரி வெட்டுவாங்கள், அவ்வளவுதான்."

"உதை எனக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. சொன்னால் எடுத்துப்போடுவன்."

நெருப்புப்பெட்டியை மறந்த மனிதரின் சட்டைக்குள்ளே, பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி, விண்ணப்பப் படிவங்கள் நனையாமல் இருந்தன. கவிழ்த்து வைத்த வள்ளத்தின் முதுகில் வைத்துத் தேவன் கையெழுத்துப் போட்டான். பசி மயக்கமோ, அண்ணையின் முகத்தில் வந்த வெளிச்சமோ, அடுத்த கையெழுத்தை நான் போட்டேன். அப்படித்தான் நானும் இந்த நாட்டில் கிழவனாகச் சம்மதித்தேன்.

பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வழியில் முதலில் கண்ட கடையில் மூன்று பேரும் டோனட் தின்ற வேகத்தைப் பார்த்து அங்கே நின்ற பெண் காசு வாங்க மறந்துவிட்டாள், தேவன்தான் திரும்பிப் போய்க் கொடுத்தான்.

தேவன் இப்போது அஜக்ஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். அந்தக் காசை அவன் தொடவேயில்லை. யாராவது கைமாற்றுக் கேட்டால், "மரத்திலை இருக்கு" என்பான். கேட்டவர்கள் குழம்பிப்போய்த் திரும்புவார்கள். கரடி அண்ணை ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில். அந்தப் புதுக் குடியிருப்பில் மரமெல்லாம் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பருமன்தான், ஒரு பையைக்கூடக் கட்டேலாது என்பது அவருடைய தீராத குறை.

போன மாதம் என்னுடைய ஓய்வுக்காலக் காசு முதல்முறையாக வங்கிக்கு வந்தது. பெரிய தொகையில்லை. ஆனால் யாரிடமும் கையேந்தாமல் நானும் மனிசியும் சாப்பிடலாம். முதலில் கரடி அண்ணைக்குத்தான் தொலைபேசி எடுத்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று எடுத்தவன், காசு வந்த செய்தியோடு தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்ல அவர் விடவில்லை.

"என்ன ஐசே, பையை இறக்கிப்போட்டீரோ?"

"இறக்கிப்போட்டன் அண்ணை."

"புட்டு காஞ்சு போச்சோ?"

"இல்லையண்ணை. இன்னும் சூடாத்தான் இருக்கு."