பேக்கரி லவோனுக்கு, தீவன மில் ஹார்லனின் அன்போடு

மைக் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஹார்லன் கைக்கு வந்துவிட்டது. எனக்கு வேண்டாம் என்று பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம் என்றால், பக்கத்து நாற்காலி காலி. இப்போதெல்லாம் அவர் எங்கே போய் உட்கார்ந்தாலும் அப்படித்தான். அவர் மனைவி லவோன் போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

லூத்தரன் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் அன்று எங்கள் ஊர் எல்க் பெண்ட் வானொலியின் நினைவு விருந்து, ஆளுக்கொரு ஞாபகம் மைக்கில் சொல்ல வேண்டும். வானொலியை மூடி எத்தனையோ வருஷமாகிறது. அது இருந்த கட்டடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் அறுபது தாண்டிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த வானொலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அவ்வளவு பேச மாட்டார்கள். காலையில் பன்றி விலை, மத்தியானம் யார் செத்தார்கள் என்ற அறிவிப்பு, பனி கொட்டினால் எந்தப் பள்ளிக்கூடம் லீவு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் நேயர் விருப்பம். நிகழ்ச்சி இவ்வளவுதான். இதைக் கேட்டுத்தான் ஊரே வளர்ந்தது.

ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஞாபகம்னு சொல்ல ஒண்ணுமில்ல. ஒரு கேள்வி இருக்கு. அந்தக் காலத்துல வெள்ளிக்கிழமை, 'பேக்கரி லவோனுக்கு, தீவன மில் ஹார்லனின் அன்போடு'ன்னு சொல்லி ஒரு பாட்டுப் போடுவாங்களே?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நான் இல்ல," என்றார் ஹார்லன். "என் பேரைச் சொல்லி யாரோ கேட்டிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. கோவமெல்லாம் இல்ல. பேசணும், அவ்வளவுதான்."

ஒருவர் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. வேறு சத்தம் இல்லை. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அமளி.

நடந்தது இதுதான். ஹார்லன் வாலிபத்தில் தினமும் பேக்கரிக்குப் போய் ஒரு ரொட்டி வாங்குவார். தனிக்கட்டை, தின்று தீராது, பாதியைக் குருவிக்குப் போடுவார். "ஒரு ரொட்டி" என்பதைத் தவிர அங்கே விற்ற லவோனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை அவர் பெயரில் ரேடியோவில் பாட்டு. மில்லில் இருந்தவர்களெல்லாம் மூட்டை மேல் விழுந்து புரண்டு சிரித்தார்கள். எவனோ விளையாடுகிறான் என்று நினைத்து, அது நான் இல்லை என்று சொல்லிவிட மறுநாள் பேக்கரிக்குப் போனார். வாயைத் திறப்பதற்குள் லவோன் ஒரு கோப்பை காபியும் ஒரு இனிப்பு பன்னும் கொண்டுவந்து வைத்து, "பாட்டுக்கு நன்றி" என்றாள்.

காபியை ஊற்றிய பிறகு அப்படி ஒரு சமாசாரத்தைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. குடித்து முடித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஹார்லன் நினைத்தார். அவள் இரண்டாவது கோப்பை ஊற்றினாள். அப்படியே கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன், முட்டி வலி என்று காலம் ஓடிவிட்டது. சொல்லவே இல்லை.

பாட்டு மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஹார்லனுக்கும் லவோனுக்கும் நிச்சயம் ஆகிவிட்டது என்று சர்ச்சில் சொன்ன வாரம் நின்றுபோனது. ஹார்லனுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டுக்குச் செய்கிறவன் இப்படி விடாமல் செய்ய மாட்டான். அவள் மேல் உண்மையாகவே ஆசை வைத்த எவனோ, தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு என் பெயரைச் சொல்லியிருக்கிறான். பாவி நான் போய்க் காபி குடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் தேட வேண்டும்? சொல்கிறேன். டென்வரில் இருக்கும் ஜோடி என்ற மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, வீட்டு ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்பாள். ஊரில் எல்லாரும் பனியைப் பற்றிப் பேசுவார்கள். லவோன் என்ற பெயரை மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை, மரியாதையாம். ஹார்லனுக்கு அந்தப் பெயரை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளை நினைத்து உருகியவன் இன்னும் ஒருத்தன் எங்கேயோ இருக்கிறானே, அவன் காது கொடுத்துக் கேட்பான் என்று தோன்றியது.

மறுநாளே ஜோடியின் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"அப்பா, அம்மாவுக்கு யாரோ ஒருத்தர் இருந்தாராமே?"

"எவன் சொன்னான்?"

"நீங்கதான் மைக்ல சொன்னீங்களாம்."

இதைச் சரி செய்ய ஹார்லன் கடைத்தெருவில் உள்ள காபிக் கடைக்குப் போனார். பத்துப் பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து, "லவோனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்குத்தான் அவ மேல ஆசை," என்று விளக்கினார்.

விளைவு, ஊரில் அந்த வயசுள்ள ஒவ்வொரு மனைவியும் அன்று சாயந்திரம் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஒருவர், "லவோன் சுடற பன்னு நல்லாருக்கும்" என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, உறைந்த ஏரியின் மேல் இருக்கும் மீன்பிடிக் குடிசைக்குப் படுக்கையோடு அனுப்பப்பட்டார்.

அதைச் சரி செய்ய, இனி யாரையும் தேடவில்லை என்று ஹார்லன் பாதிரியாரிடம் சொல்லி அனுப்பினார். அன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. விர்ஜில் நின்றிருந்தார். மில்லில் ஹார்லன் பக்கத்திலேயே நின்று சாக்கு வாய் தைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இத்தனை வருஷத்தில் குளிரைப் பற்றித் தவிர எதுவும் பேசியதில்லை.

"நான்தான்," என்றார் விர்ஜில்.

"நீதான்னு தெரியுது. என்ன விஷயம்?"

"அந்தப் பாட்டு. நான்தான் கேட்டேன்."

ஹார்லன் கதவைப் பிடித்துக்கொண்டார். "என் பேரை எதுக்குய்யா சொன்ன?"

"என் பேரைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பக்கத்துல நீ நின்ன."

ஹார்லன் உள்ளே கூப்பிட்டுக் காபி ஊற்றினார். இருட்டும்வரை லவோனைப் பற்றியே பேசினார்கள். அவள் காரைப் பின்னால் எடுத்துத் தபால்பெட்டியைச் சாய்த்த கதையைச் சொல்லும்போது ஹார்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. படுக்கப் போகும்போது மனசு லேசாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விர்ஜில் விடவில்லை. செவ்வாய் வந்தார், வியாழன் வந்தார், பிறகு தினமும் வந்தார். லவோனின் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். கல்லறைக்கு ஹார்லன் கொண்டுபோவதைவிடப் பெரிய பூங்கொத்து கொண்டுபோனார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தைத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் சர்ச் பெண்களின் பழக்கம். அவர்கள் இப்போது இரண்டு பாத்திரம் கொண்டுவந்தார்கள். விர்ஜிலுடையதில் சீஸ் அதிகமாக இருந்தது. பாதிரியார் ஜெபத்தில், "லவோனை இழந்து வாடும் இருவருக்காகவும்" என்றார்.

"லவோனுக்கு இந்தத் திரைச்சீலை பிடிக்காது," என்றார் விர்ஜில் ஒரு நாள்.

"அவதான்ப்பா அதைத் தைச்சு மாட்டினா."

"உனக்காகப் பொறுத்துக்கிட்டா."

ஹார்லன் பல்லைக் கடித்துக்கொண்டு காபி ஊற்றினார். வந்தவனுக்கு ஊற்றாமல் இருக்க முடியுமா? கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தார். விர்ஜில் கோப்பையை நீட்டியபடியே இருந்தார்.

பிறகு பூங்காவில் லவோன் பெயரில் ஒரு பெஞ்சு போடும் பேச்சு வந்தது. பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதையும் விர்ஜிலே முடிவு செய்திருந்தார்.

"லவோன் நினைவாக, விர்ஜில், ஹார்லன்."

"உன் பேரு எதுக்கு முன்னால?"

"பாட்டுதானே முன்னால வந்துச்சு. நீ அப்புறம்தானே வந்த."

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார். கட்டின புருஷன் நான், எனக்கு இரண்டாம் இடமா? அப்போதுதான் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"என்ன பாட்டுய்யா அது?"

விர்ஜில் ஜன்னலைப் பார்த்தார். "அது... ஒவ்வொரு வாரமும் ஒண்ணு."

"வாராவாரம் ஒரே பாட்டுதான்."

"வயசாயிடுச்சுல்ல, மறந்துட்டேன்."

"திரைச்சீலை மட்டும் மறக்கல. எந்திரி, வண்டில ஏறு."

வானொலி நிலையத்தில் போனை எடுத்து நேயர்களின் விருப்பத்தை எழுதிக்கொண்டவர் ஆர்டிஸ் என்ற அம்மாள். முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம். மகனோடு அரிசோனா போனவர் திரும்பிவந்து பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்பதே, இந்த அமளிக்குப் பிறகு பாதிரியார் சொல்லித்தான் தெரியும். யாருடைய குரல் என்று அவரே சொல்லிவிடட்டும் என்று ஹார்லன் வண்டியை விரட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை வயல். விர்ஜில் குளிரைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

இல்லத்தின் வாசலில் வண்டி நின்றது. விர்ஜில் இறங்கவில்லை.

"ஹார்லன், அது நான் இல்ல."

"தெரியும்."

"அன்னிக்கு சர்ச்சுல, பேசணும்னு ஒருத்தனைத் தேடினியே. அந்த ஆளு நானா இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சு." விர்ஜில் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "என் வீட்டுல டிவி மட்டும்தான் பேசும். என்னை யாரும் எதுக்கும் தேடினதில்ல."

கோபம் வரும் என்று ஹார்லன் காத்திருந்தார். வரவில்லை. காலியான சமையலறையில் ரேடியோகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப திரைச்சீலை விஷயமும் பொய்தானா?"

"இல்ல. அது நெஜமாவே நல்லா இல்ல."

ஹார்லன் வண்டிச் சாவியை எடுத்தார். "சரி, இறங்கு. இங்க உக்காந்தா விறைச்சுப் போயிடுவ. நெஜமான ஆளு எங்க தனியா உக்காந்திருக்கானோ, அதையாவது கேட்டுட்டுப் போவோம்."

ஆர்டிஸ் ஜன்னல் ஓரத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். காது மந்தம், மற்றதெல்லாம் தெளிவு. ஹார்லன் விஷயத்தைக் கத்திச் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"யாரு கேட்டாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு ஸ்டேஷன்ல உத்தரவு," என்றார் ஆர்டிஸ்.

"ஸ்டேஷனே போயிடுச்சும்மா. அங்க நாய்க்கு முடி வெட்றாங்க."

ஆர்டிஸ் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள்ல யாரு ஹார்லன்?"

"நான்தான்." ஹார்லன் குனிந்து அவர் காதருகே போனார். "அவன் குரல் எப்படிம்மா இருக்கும்? ரொம்பக் கூச்சப்படுவானா? இன்னும் உயிரோட இருந்தா நான் பாக்கணும். அவனுக்குச் சேர வேண்டியது எனக்கு வந்துடுச்சு. அவளைப் பத்திப் பேச எனக்கும் ஆள் இல்ல, அவனுக்கும் இருக்காது."

ஆர்டிஸ் பின்னலை மடியில் வைத்துவிட்டு ஹார்லனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவனா? வாராவாரம் போன் பண்ணது அந்த பேக்கரிப் பொண்ணுதான்ப்பா. 'கையெல்லாம் மாவு, சீக்கிரம் எழுதிக்கோங்க, ஹார்லன் பேரையே போடுங்க, அவரா வாயைத் தொறக்கட்டும்னு இருந்தா நான் கடைசிவரைக்கும் ரொட்டிதான் வித்துக்கிட்டிருக்கணும்'னு சொல்லுவா."