ஒயரில் போட்ட முடிச்சு

கனி, கதிர், உங்கள் அப்பா ஒரு காலத்தில் ஒரு கம்பெனியையே நிறுத்தியவன். (உங்கம்மா "ஒரு லைனைத்தான்" என்பாள். நம்பாதீர்கள்.)

கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. அம்மாவின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "தறி நெய்யுறவங்க எங்க தெருவுலயே இருக்குறாங்கப்பா. மாப்ள கம்பெனி பஸ்ல ஏறணும். அப்புறம் தேதி வெக்கலாம்."

பத்தாவது படித்துவிட்டு வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்த நான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் ஒருநாள் சோதனை வேலைக்குப் போய் நின்றேன். வேலை கிடைத்தால் பெண். இல்லாவிட்டால் ஒரகடத்தில் வேறு மாப்பிள்ளை தயார்.

சூப்பர்வைசர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவர். "டிஃபெக்ட் வந்தா இன்னா பண்ணணும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்." (டிஃபெக்ட் என்பவர் பெரிய ஆபீசர், வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.)

கொஞ்ச நேரத்தில் அறுந்த ஒயர் ஒன்று வந்தது. தறிப் பாவில் இழை அறுந்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிச்சுப் போட்டுப் பழகிய கை, சும்மா இருக்குமா? போட்டேன். வெட்டுகிற மெஷினில் ஏதோ கோளாறு போல, அடுத்ததும் அறுந்தே வந்தது. அதற்கும் போட்டேன். மொத்தம் பதினோரு முடிச்சு, பெருமையாக.

கடைசியில் சோதிக்கிற மெஷின் அலறியது. சிவப்பு விளக்கு. லைன் நின்றது.

மேடம் ஒயரைத் தூக்கிப் பிடித்தார். "யாருப்பா இது?"

"நான்தான் மேடம். அறுந்திருந்துச்சு, கட்டிட்டேன்."

"பிளாஸ்டிக் மேலயே கட்டி வெச்சிக்கிறியே, கரண்டு இன்னா முடிச்சத் தாண்டி குதிச்சா போவும்?"

லைன் மொத்தமும் சிரித்தது. எனக்கு ஒரகடத்து மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகத் தெரிந்தார்.

மேடம் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகத்தால் நெம்பினார். பல்லைக் கடித்து இழுத்தார். ம்ஹூம்.

"காஞ்சிபுரமா?"

"ஆமா மேடம். தறிக்காரங்க."

பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "இந்தக் கைய டேப் சுத்துற எடத்துல போடுங்க. அறுந்த ஒயர் மட்டும் கண்ணுல காட்டிடாதீங்க."

வேலையும் கிடைத்தது, உங்கம்மாவும் கிடைத்தாள். வீட்டில் சார்ஜர் ஒயர் அறுந்தால் அவள் "அப்பாவக் கூப்புடு, முடிச்சு போட்டுக் குடுப்பாரு" என்பது இதனால்தான்.

அவளுக்கும் தெரியாத ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் பஸ் வருவதற்குள், கம்பெனிச் சுவருக்குப் பின்னால் ஆளில்லாத இடமாகப் போய் நின்று, "எனக்குத் தெரியாது மேடம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரலே வரவில்லை. மூன்றாவது தடவை, மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலை நிமிர்ந்து பார்த்தது.