என் பந்தலுக்கு மட்டும் அடிக்காத ஈஸ்ட்

வெஸ்ட்கேட், ஆக்லாந்து
பங்குனி 9

அன்புக்குரிய மைத்துனர் கௌசிகனுக்கு,

உம்முடைய அக்காவின் பிரஷரும் என்னுடைய முழங்காலும் ஆண்டவன் கிருபையால் சொன்னபடி கேட்கின்றன. அங்கு நீரும் குடும்பமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இங்கு சுகமில்லாதது திராட்சைப் பந்தல் ஒன்றுதான். அதைப் பார்த்துப் பார்த்து நானும்.

பக்கத்து வீட்டுத் திருமாறனை உமக்குத் தெரியாது. ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், தங்கமான மனிதர், அதுதான் முதல் கரைச்சல். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய கன்றுகளை நான் வேலிக்கு இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமும் நட்டோம். இந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்து, என் குலைகளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துப் பழம் பழமாக அழுகி விழுகிறது; அவருடைய குலைகளோ கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பெண்பிள்ளைகள் மாதிரி மினுங்குகின்றன. காரணம் யாரென்று நினைக்கிறீர்? உம்முடைய மருமகள், என் மகள் லோஜனா. தான் ஆராய்ச்சி செய்கிற ஆய்வுக்கூடத்திலிருந்து ஏதோ நல்ல ஈஸ்ட்டாம், தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து பரீட்சை பார்க்க அவருடைய பந்தலுக்கு மட்டும் அடித்திருக்கிறாள். அன்னதானப் பந்தியில் முந்திக் குந்துகிறவன் மாதிரி அது பழத்தோலில் இடம் பிடித்துவிட்டால், பிறகு வருகிற பூஞ்சணத்துக்கு இருக்கவும் இடமில்லை, தின்னவும் ஒன்றுமில்லையாம்.

"ஏன் பிள்ளை, அப்பான்ர பந்தல் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டுக்கு அடிச்சு மற்றதைச் சும்மா விட்டாத்தான் டிஃபரன்ஸ் தெரியும் அப்பா. ப்ளீஸ், டோன்ட் டச் இட்" என்றாள்.

அதாவது அவருடையது செழிக்க என்னுடையது அழுக வேண்டும், அதற்கு நான் காவலிருக்க வேண்டும். திருமாறன் வேறு, வேலிக்கு மேலால் ஒரு குலையை நீட்டி, "ஒங்க மக கைராசிண்ணே, சாப்பிட்டுப் பாருங்க" என்கிறார். சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் வகுப்போடு நின்ற மூளை அப்போதுதான் வேலை செய்தது. ஈஸ்ட் என்றால் உம்முடைய அக்கா அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறதுதானே? சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம், பொங்கி நின்ற அப்பமாவைத் தேங்காய்ப்பால், சீனியோடு வாளியில் கரைத்து, பிள்ளைக்கு எண்ணெய் தப்புகிற மாதிரிக் குலை குலையாகத் தடவினேன். முதலில் எறும்பு வந்தது, பிறகு குளவி, பிறகு மைனா, பிறகு லோஜனா. ஒரு குலையை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்துவிட்டு, "அப்பா, இஸ் திஸ் கோகனட் மில்க்?" என்றாள். "ஓம்" என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க இனி ஒன்றுமில்லை, ஒரு வருட வேலை போய்விட்டது என்று சொல்லி, என்னைத் திட்டக்கூடச் செய்யாமல் படியில் குந்திவிட்டாள். உம்முடைய அக்கா திட்டினாள், அது அப்பமாவுக்காக.

நீர் தாய்மாமன். பிள்ளைக்குப் போன் எடுத்து, அப்பா கெட்டவன் இல்லை, வயிற்றெரிச்சல் பிடித்தவன் மட்டும் என்று சொல்லும். அடுத்த வருடமாவது ஈஸ்ட் எனக்கும் அழுகல் திருமாறனுக்கும் என்று மெல்லக் கதைத்துப் பாரும்.

உம்முடைய பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வேலிக்கு அந்தப் பக்கத்துக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அத்தான் சுந்தரமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது லோஜனா வந்து சொல்கிறாள்: அந்த ஈஸ்ட்டே போன வருடம் எங்கள் பந்தலில் அழுகாமல் தப்பிய ஒரு குலையின் தோலிலிருந்து எடுத்ததுதானாம். மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிடும், போனும் எடுக்க வேண்டாம். இனி வயிறெரிய வேண்டியவர் திருமாறன் அல்லவா? உடனே வேலிக்குப் போய்ச் சொன்னேன். "அப்படியாண்ணே, அப்போ பாதிப் பழம் ஒங்களோடதுதான்" என்று கூடையோடு நீட்டினார். முகத்தில் மருந்துக்கும் பொறாமை இல்லை. இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.