எந்தக் கையுறை?

"படம் குப்பை. கேப்டன் வாயைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. ஒரு நட்சத்திரம்."

அதற்குக் கீழே ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நல்ல படம். கேப்டன் அந்தக் கையுறையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் என் கணவர் எழுந்து போய் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஐந்து நட்சத்திரம்."

டிவிடிக் கடையின் வலைப்பக்கத்தில் மூன்றாவது ஆள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

"எந்தக் கையுறை?"

மெர்வி கூசெலா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று அவளுக்குத் தெரியும். டிவிடி கடைக்கு வந்த அதே வாரத்தில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

தம்பரே நகரத்தில், மூன்றே பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் மெர்வி சப்டைட்டில் எழுதுகிறாள். பின்லாந்தில் வெளிநாட்டுப் படத்துக்குக் குரல் மாற்றுவது குழந்தைகளுக்கு மட்டும்தான். பெரியவர்கள் படித்துக்கொள்ள வேண்டும். ஆகவே நாட்டில் பாதிப் பேர் ஒவ்வொரு மாலையும் மெர்வி போன்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள். எழுதியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தப்பு இருந்தால் மட்டும் கேட்பார்கள்.

'சாம்பல் கோள்' என்ற பழைய விண்வெளிப் படத்தை அவள் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறாள். அதன் முன்கதை என்று சொல்லி இப்போது 'சாம்பலுக்கு முன்' என்று ஒன்றை எடுத்திருந்தார்கள். வேலை கைக்கு வந்தபோது ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் ஆசை போய்விட்டது. நட்சத்திரங்கள் தூரத்தில் இருக்கின்றன என்பதைக் கேப்டன் மூன்று விதமாக விளக்கினான். அவன் விளக்கி முடித்ததும் இன்ஜினியர் அதையே திரும்பச் சொன்னான்.

கடைசியில் ஒரு காட்சி. மனைவி தப்பிக்கும் கலத்தில் ஏறுகிறாள், கேப்டன் வாசலில் நிற்கிறான். இனி அவர்கள் சந்திக்கப் போவதில்லை. அங்கே அவன் சொன்னது: "அன்பு என்பது ஈர்ப்பு விசை. அதற்குத் தூரம் தெரியாது, காலம் தெரியாது, ஒளியின் வேகமும் தெரியாது."

மெர்வி அதை அப்படியே எழுதினாள். படித்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவளுடைய அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த காலை நினைவுக்கு வந்தது. அன்று அப்பா பேசியதெல்லாம் ஒரு வாக்கியம்தான். அதை எழுதினாள்.

"கையுறையை மேசையிலயே வச்சிட்டு வந்துட்டே."

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆனால் அந்த வரி வந்த பிறகு மற்ற வரிகளெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டன. முன்னால் போய் அவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். கேப்டன் குறைவாகப் பேச ஆரம்பித்தான். இன்ஜினியர் ஏறக்குறைய நல்லவனாகிவிட்டான். முதலாளி ஹாரி, எழுத்து சரியான நேரத்தில் தோன்றி மறைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது 'எந்தக் கையுறை' என்று ஒருவன் கேட்கிறான்.

மெர்வி யோசித்தாள். கடையின் அந்த வலைப்பக்கத்தில் 'புல்வெளி' என்ற புனைபெயரில் பதில் எழுதினாள்: கேப்டன் அந்த இடத்தில் முணுமுணுக்கிறார், கவனித்துக் கேட்டால் விளங்கும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அதுவரை யாரும் கவனித்துக் கேட்கவில்லை. இப்போது கேட்டார்கள். ஓலு நகரத்தில் படிக்கும் ஒரு மாணவன் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு, ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுக்குச் சொல் எழுதிப் போட்டுவிட்டான். கையுறையும் இல்லை, மேசையும் இல்லை. அதுவுமில்லாமல், அந்தப் பெண் இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டுதான் கலத்தில் ஏறுகிறாள் என்று வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

கையுறைக்காரர்கள் அசரவில்லை. அப்படியென்றால் அது மாற்றுக் கையுறை, ஒரு ஜோடி போதாத குளிருக்குப் போகிறவள் அதை மறந்துவிட்டாளே என்பதுதான் அவனுடைய கவலை, இதுகூடப் புரியாதவர்கள் ஏன் படம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆங்கிலம் தெரிந்த இளசுகள் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். படித்துப் பார்த்த பெரியவர்கள் ஐந்து போட்டார்கள். நடுவில் ஒருவரும் இல்லை. ஒரே வீட்டில் அப்பா ஐந்தும் மகன் ஒன்றும் போட்டு, அதன் கீழேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மெர்வி கணவன் பெண்ட்டியிடம் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம அப்பா எந்தக் கட்சி?" என்றான்.

அவன் அப்பா தைஸ்டோ காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். மருமகளை யாருக்காவது அறிமுகம் செய்ய வேண்டுமென்றால், "பெண்ட்டியோட சம்சாரம். டிவியில அடியில எழுதுறா" என்பார். வேலையைப் பற்றி அதற்கு மேல் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்று ஒரு ஈஸ்டர் விருந்தில் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மெர்வி இந்த டிவிடியைச் சும்மா கொடுத்துவைத்தாள். எந்தப் படத்தையும் முடிவுவரை பார்த்தறியாத மனிதர் இதைச் சனிக்கிழமைதோறும் சானா என்னும் நீராவிக் குளியல் முடித்து வந்து பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் மெர்வி மீன் சூப் எடுத்துக்கொண்டு போனபோது கதவு திறந்திருந்தது. டிவியின் முதுகு அவளுக்கு, முகம் அவருக்கு. தைஸ்டோ நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டிவியை அணைத்தார்.

"நல்ல படம்" என்றார்.

மெர்வி வீட்டுக்கு வந்து இதைப் பெண்ட்டியிடம் இரண்டு முறை சொன்னாள். தன் கல்யாணத்தன்றுகூட அப்பா இவ்வளவு பேசவில்லை என்றான் அவன்.

ஆனால் ஒரு மாமனாரின் கண்ணீரை வைத்து வேலையைக் காப்பாற்ற முடியாது. ஓலு மாணவன் அடுத்ததாக, இதை எழுதிய மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்டிருந்தான். கிறிஸ்துமஸுக்காக இரண்டாவது தடவை டிவிடி அச்சாகப் போகிறது என்று கேள்விப்பட்டு மெர்வி ஹாரியிடம் போனாள். சில இடங்களில் நேரம் பிசகியிருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்றாள். அவர் சரி என்றார். அவள் எல்லா வரிகளையும் பழையபடி மாற்றிவைத்தாள். ஈர்ப்பு விசை திரும்பி வந்தது. கேப்டன் மறுபடி வாய் ஓயாமல் பேசினான். அன்றிரவு மெர்வி நன்றாகத் தூங்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு அந்த டிவிடி நன்றாக விற்றது. வாங்கியவர்கள் எல்லாரும் கையுறைக்காக வாங்கினார்கள். பெற்றோருக்கும் மாமியாருக்கும் பரிசாகக் கொடுத்து, கடைசிக் காட்சியில் அவர்கள் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள். கேப்டன் ஒளியின் வேகத்தைப் பற்றிப் பேசினான்.

விடுமுறை முடிந்ததும் டிவிடிகள் கடைக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. பாதிப் பேர் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்றார்கள். பாதிப் பேர் இது போலி டிவிடி என்றார்கள். கையுறையை யார் எடுத்தது என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று கட்டம் கட்டிக் கேட்டது. ஓலு மாணவனும் பேச்சை மாற்றிவிட்டான். இரண்டாவது பதிப்பு துல்லியமாக இருக்கிறது, ஆனால் பார்க்க முடியவில்லை என்று எழுதினான்.

ஹெல்சிங்கியிலிருந்து விநியோகஸ்தர் ரித்வா தொலைபேசியில் வந்தார். திங்கட்கிழமை நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மெர்வி நேரே ஹாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கையுறை படத்துல இல்லவே இல்லையா?"

"இல்ல."

"அதைப் பாத்துட்டுத்தான் நான் என் பொண்டாட்டிக்கு ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தேன்" என்றார் ஹாரி. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். பிறகு முதலாளி ஆனார். ரித்வாவின் வேலை கையை விட்டுப் போனால் இந்த அலுவலகத்தை மூட வேண்டியதுதான், மூன்று பேரும் வேறு இடம் தேட வேண்டியதுதான் என்று கணக்காகச் சொன்னார்.

ரித்வா குளிரில் சிவந்த மூக்கோடு வந்து சேர்ந்தார். கத்தவில்லை. இலவங்கப்பட்டை பன்னைக் கையில் எடுத்து, கடிக்காமலே பேசினார். மூன்றாவது பதிப்பு போட்டாக வேண்டும். எந்த வரிகளோடு போடுவது என்பதுதான் தன் கேள்வி. ஒப்பந்தப்படி பார்த்தால் உள்ளது உள்ளபடி போட வேண்டும், இவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். விற்பனைப்படி பார்த்தால் கையுறை. வலைப்பக்கத்தில் எழுதுகிறவர்களை அவர் நம்பத் தயாராக இல்லை. அவர்களெல்லாம் படம் பார்ப்பதே சண்டை போடுவதற்குத்தான் என்றார்.

"கம்ப்யூட்டர் பக்கமே போகாத ஒரு சாதாரண மனுஷன் யாராவது இதைப் பாத்து, இதுல என்ன பிடிச்சுதுன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் நான் மேலிடத்துல பேசிக்கிறேன்."

மெர்வி ஹாரியைப் பார்க்கவில்லை. "எங்க மாமனார் இருக்கார்" என்றாள். "வாராவாரம் பாக்குறார். அழுறார்."

பெண்ட்டிக்கு அன்று விடுப்பு. அரைமணி நேரத்தில் அப்பாவைக் கூட்டிவந்தான். தைஸ்டோ இஸ்திரி போட்ட சட்டையும் கம்பளித் தொப்பியுமாக வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். காபி கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை.

பிறகு ரித்வா படம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றார் தைஸ்டோ. எந்த இடம் என்று கேட்டதற்கு, அந்தப் பெண் கப்பல் ஏறுகிற இடம் என்றார். தன் மனைவி லைலாவும் அப்படித்தான் போனாள் என்றும், தானும் அப்படித்தான் வாசலில் நின்றதாகவும் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசிப் பெண்ட்டி கேட்டதில்லை. அவன் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினான். ஹாரி மூக்கை உறிஞ்சினார்.

வேலை போனால் போகட்டும் என்று அப்போது மெர்விக்குத் தோன்றியது. தன் எழுத்து ஒரு மனிதரைத் தொட்டிருக்கிறது. அதுவும் இந்த மனிதரை.

ரித்வாவின் முகமும் இளகியிருந்தது. ஆனாலும் அவர் வியாபாரி. ஒரு தாளில் ஈர்ப்பு விசை வரியையும் இன்னொரு தாளில் கையுறை வரியையும் பெரிதாக எழுதி மேசையில் வைத்தார்.

"கேப்டன் அந்த இடத்துல அவகிட்ட சொல்றது இதுல எது? எது உங்க மனசத் தொட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

தைஸ்டோ கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மறுபடி முதலாவதை எடுத்தார். மருமகளைச் சங்கடத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு தாளையும் ரித்வாவின் பக்கமே தள்ளிவைத்தார்.

"அந்த ஆளு பேசவா செய்றான்? நான் மொத நாளே சத்தத்தையும் எழுத்தையும் அணைச்சுட்டேனே. ஒரு வார்த்தை பேசாம அவள வழியனுப்புறான்னுல்ல நான் அழுதுக்கிட்டிருந்தேன்."