விசாரணை அண்ணாச்சி சொன்ன பொய்

திருநெல்வேலி ஜில்லாவில் எத்தனையோ விசாரணைகள் நடந்திருக்கின்றன. முழு உண்மையும் வெளியே வந்தது ஒரே ஒரு மனிதர் நடத்திய விசாரணைகளில் மட்டும்தான். அவர் போலீஸ்காரர் இல்லை, வக்கீலும் இல்லை. வாஷிங் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து நாலு தெருவுக்கும் அவர் விசாரணை அண்ணாச்சி.

முதலில் முக்கூடல் பக்கம் வயல்களில் பம்புசெட் பார்த்துக்கொண்டிருந்தவர். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு வாஷிங் மிஷின் வர ஆரம்பித்ததும் ஊரை விட்டு இங்கே வந்துவிட்டார். ரப்பர் குழாய் ஒன்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். முகூர்த்த நாளில் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மண்டபம் தெரியாமல் சுற்றுகிறாரோ என்று இருக்கும்.

வந்ததும் மிஷினைத் தொட மாட்டார். ஒரு நாற்காலி கேட்பார். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் எதிரே வந்து நிற்க வேண்டும். கடைசியாகத் துவைத்தது யார், என்ன துணி, சட்டைப் பையைப் பார்த்துவிட்டுப் போட்டீர்களா, தண்ணீர் இறங்கவில்லை என்று முதலில் கண்டது யார், கண்ட பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்பார். பதில் சொல்லும்போது யாராவது தரையைப் பார்த்தால் போச்சு. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, தரையைப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

அடைப்பிலிருந்து எடுத்ததை எவர்சில்வர் தட்டில் வைத்துக் குடும்பத்துக்கே காட்டுவார். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வீட்டில் அப்படித் தட்டில் வந்தது ஊறிப்போன லாட்டரிச் சீட்டு. அவர் சம்சாரம் அதைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். காலை வழிபாட்டில் சூதாட்டத்தின் தீமைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதர் மறுநாளிலிருந்து நகம் வெட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் அண்ணாச்சிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரே மிஷினுக்குச் சந்தனம் வைத்துப் பூ சாத்தியிருக்கும். அந்தப் பூச்சரம் உள்ளே விழுந்து, பூ கரைந்து, வாழைநார் மட்டும் தண்ணீர் போகிற வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் ஆசாரம் மிகுந்த ஓர் அம்மாள், அழுக்குத் தண்ணீர்க் குழாய் தரையில் கிடக்கக் கூடாது என்று சுவரில் ஆணி அடித்து நெஞ்சு உயரத்தில் அதைக் கட்டி வைத்திருந்தார். அண்ணாச்சி விசாரணையை ஒரே வரியில் முடித்தார்.

"தாமிரவருணியே பாவநாசத்துல இருந்து கீழதான் இறங்கி வருது. ஒங்க வீட்டுத் தண்ணி மட்டும் மலை ஏறணுமாக்கா?"

இதையெல்லாம் சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

அப்பா ராதாபுரம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் உடம்பு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது, எல்லாமே படுக்கையில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று வெகுநேரம் பாடுபட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "என்னைய எங்கயும் கொண்டுபோயிராதிய." அம்மாவும் நானும்தான் அதைக் கேட்டோம். சென்னையில் வேலையாக இருந்த அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்கு முதுகுவலி, நான் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தப் போய்விடுவேன். தினமும் இரண்டு வாளி துணி. இப்படியே போனால் அம்மாவும் படுத்துவிடுவாள் என்று அவன் பயந்தான். அப்பாவைச் சென்னையில் ஆள் வைத்துக் கவனிக்கிற ஓர் இல்லத்தில் சேர்ப்போம் என்றான். அம்மா முடியாது என்றாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவன் ஒரு வாஷிங் மிஷின் வாங்கித் தருவான். அதை வைத்துச் சமாளிக்க முடிந்தால் அப்பா இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது வாரமே தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீர் வடிக்கிற குமிழைத் திருப்பினால் கொஞ்சம் இறங்கும், பிறகு முழங்கை ஆழத்துக்கு அப்படியே கிடக்கும். நானும் அம்மாவும் செம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக் கொல்லைக் கோடியில் கொண்டுபோய்க் கொட்டினோம். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அண்ணனிடம் போனில் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

விசாரணை அண்ணாச்சி வந்தார். வந்த ஐந்தாவது நிமிஷம் அம்மா அவருக்கு அக்கா, அப்பா அத்தான், நான் மருமகள். யாரையும் கேட்காமல் அவரே வைத்துக்கொண்ட உறவு இது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். இரண்டு பேர்தானே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போனார்.

"அத்தான், உண்மையச் சொல்லணும். உள்ள என்னத்தப் போட்டிய?"

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயின் ஒரு பாதி மட்டும் மெல்ல விரிந்தது. அது சிரிப்பு என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வியாதி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. அம்மா சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தண்ணீர் இறங்கும் வாயைத் திறந்தபோது உள்ளே குருவிக்கூடு மாதிரி வெள்ளை நூல். தட்டில் வைத்தார். அம்மா ஒப்புக்கொண்டாள். எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கும் பழைய வேட்டியைத்தான் கிழித்துப் போடுவோம். துவைத்துத் துவைத்துப் பூவாக ஆகியிருக்கும். அப்பாவின் வேட்டிகளையெல்லாம் அம்மா அப்படிக் கிழித்து அவருக்கே விரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் மிஷினுக்குள் பிரிந்து நூல் நூலாகக் கீழே இறங்கியிருந்தது.

அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிழிசல் துணி இனிமேல் மிஷினுக்குள் போகக் கூடாது, கடையில் புதுத் துணி வாங்கிப் போடுங்கள் என்றார்.

"புதுத்துணி அவுக முதுகுல உரசும்" என்றாள் அம்மா. "புண்ணு வந்துரும். வந்துட்டா பொறவு ஆறாது, அண்ணாச்சி."

அண்ணாச்சி அன்றைக்கு விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டார். குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலையில் வந்து நின்றார். கையில் பெரிய தலையணை உறை ஒன்று. அதன் வாயில் பாவாடை நாடா கோத்துத் தைத்திருந்தது. கிழிசலையெல்லாம் இதற்குள் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, உறையோடு மிஷினுக்குள் போட வேண்டும் என்று செய்து காட்டினார். தைத்தது யார் என்று அம்மா கேட்டதற்கு மட்டும் அவர் தரையைப் பார்த்தார். தையல் கோணல்மாணலாகப் போயிருந்ததிலிருந்து நாங்களே தெரிந்துகொண்டோம்.

உறையையும் மீறிப் பஞ்சு கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை கூப்பிடாமலே வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார். முதல் விசாரணை எப்போதும் கட்டிலில்தான் நடக்கும். அத்தான் இந்த வாரம் என்னென்ன குற்றம் செய்தார் என்று கேட்பார். அவரே பதிலும் சொல்வார், தண்டனையும் அறிவிப்பார். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். அவசரத்தில் உறையில் கட்டாமலே துணியைப் போட்டுவிட்டாள். முந்தின நாளிலிருந்து தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மொண்டு ஊற்ற அவளுக்குத் தெம்பில்லை, நான் ஊற்றுகிறேன் என்றாலும் கேட்கவில்லை, அண்ணாச்சி வந்துவிடுவார் என்று விட்டுவிட்டாள். அண்ணாச்சி அப்போதுதான் வந்து கழுத்துக் குழாயைக் கழற்றி வைத்திருந்தார். அண்ணன் பெட்டியை முன்னறையில் வைத்துவிட்டு நேரே கொல்லைக்கு வந்து மிஷின் மூடியைத் திறந்தான்.

"என்னம்மா, தண்ணி நிக்குது?"

அம்மா மிஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அப்பாவுக்கு அண்ணனின் சத்தம் கேட்டிருக்கும்.

"நான்தான் தம்பி நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார் அண்ணாச்சி. "எங்கயும் ஒழுகுதான்னு பாக்கணும்லா. ஒரு மணிநேரம் நிக்கட்டும். மத்தபடி மிஷின் தங்கமா இருக்கு."

சொல்லும்போது தரையைப் பார்த்தார். ஊரையே அதை வைத்துப் பிடித்த மனிதர்.

அண்ணன் அவரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மூடியை மெதுவாகச் சாத்தினான். சரி அண்ணாச்சி, நல்லாப் பாருங்க என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போய் உட்கார்ந்தான். மறுநாள் சாயங்கால ரயிலில் சென்னைக்குத் திரும்பினான். இல்லத்தில் சேர்க்கிற பேச்சை எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். மார்கழியில் ஒரு காலைநேரம், தன் வீட்டில், தன் கட்டிலில், அம்மாவின் கையைப் பிடித்தபடி போனார். குளிப்பாட்டுவதற்குத் திருப்பியபோது வந்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். முதுகில் ஒரு சின்னப் புண்கூட இல்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சாப்பிட்டவர்கள் போன பிறகு, அண்ணன் அண்ணாச்சியைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் அங்கே பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அந்தத் தண்ணி நாறிட்டுக் கெடந்துது, அண்ணாச்சி" என்றான். "எனக்கு அப்பமே தெரியும்."

அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பினார். "பொறவு ஏன் தம்பி ஒண்ணுஞ் சொல்லாமப் போனிய?"

அண்ணனின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது.

"அம்மா பயந்துட்டு நின்னா, அண்ணாச்சி. பெத்த பிள்ளையப் பாத்துப் பயந்துட்டு நின்னா. நான் இன்னொரு வார்த்தை எப்படிச் சொல்ல?"

அண்ணாச்சி அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அப்பா இறந்த அன்றுகூட அழாத அண்ணன் அப்போது அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. அத்தனை நாளும் அவனை ஓர் எதிரியாகவே நினைத்து நானும் அம்மாவும் ஒளித்து மறைத்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன்பிறகு எங்கள் மிஷினில் அடைப்பு வரவே இல்லை. என்னுடைய சேலையும் அம்மாவுடைய சேலையும் மட்டும் துவைக்கிற மிஷினில் என்ன அடைக்கப்போகிறது? ஆனாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை அண்ணாச்சி வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஒன்றும் இல்லாத இடத்தைத் துடைத்துவிட்டு, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பல வருஷம் வந்தார். பிறகு வள்ளியூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் தவறிப்போன செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அவர் வந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும், எங்கள் மிஷினுக்கு ஒரு பழுதும் இல்லை என்று அம்மா ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தம்ளர் காப்பி கூடுதலாகப் போட்டு மூடி வைத்துவிட்டுச் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருப்பாள். நானும்தான்.