பின்பக்கம் சொருகிய ரகசியம்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறையப் போகிறது. இந்த ஒரு தடவையாவது மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்து, அவளை வாயடைத்துப் போகச் செய்வது என்று கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

இதுவரை அவர் ஒளித்தது எதுவும் மூன்று நாள் தாங்கியதில்லை. பத்தாவது வருஷத்துக் கைக்கடிகாரம் பீரோ மேலிருந்து டிக்டிக்கென்று தானே காட்டிக்கொடுத்தது. பதினெட்டாவது வருஷத்து வாசனைத் தைலத்தை மாவு டப்பாவில் ஒளித்தார். மூடி இறுகவில்லை. ஒரு வாரம் தின்றதெல்லாம் ரோஜா மணத்தது. போதாக்குறைக்கு, "நீங்க எதையாவது ஒளிச்சா உங்க காது செவந்துடுதுங்க" என்று வேறு சொல்லி வைத்திருந்தாள்.

இந்தத் தடவை ஒரு ஆல்பம். வருஷத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே அவர் கைப்பட ஒரு வரி. மனிதர் இத்தனை வருஷத்தில் வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னவரில்லை. சொல்ல வந்தால் இருமல் வந்துவிடும். எழுதியாவது காட்டிவிடலாம் என்று பார்த்தார். இதுவும் முன்னாலேயே தெரிந்துபோனால் அப்புறம் எப்போது சொல்வது?

கடையில் கூட வேலை பார்க்கும் மனைவியின் தம்பியிடம் மட்டும் சொன்னார்.

"வீட்டுக் கம்ப்யூட்டர்லயா அத்தான்? அக்காதான் நாள் முழுக்க அதுல கவுன் பேட்டர்ன் பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருக்காளே!"

"போடா. ஆல்பம் செய்யற இது போர்ட்டபிள் ப்ரோக்ராம். பென் டிரைவ்லயே இருக்கும், அங்கேயே ஓடும். வீட்டுக்குள்ள குடிவர்ற ஆளு இல்ல, வாசல்ல நின்னு பேசிட்டுப் போற ஆளு. திரையில ஒரு ஐகான்கூடப் புதுசா வராது."

"சரி, அந்த பென் டிரைவை எங்க வைப்பீங்க?"

அதுதான் சிக்கல். சட்டைப் பையில் வைத்தால் துவைக்கும்போது கிடைக்கும். பீரோவில் வைத்தால் மடிக்கும்போது கிடைக்கும். கடையில் வைத்தால் தம்பி வாய் சும்மா இருக்காது. யோசித்து யோசித்து, கம்ப்யூட்டருக்குப் பின்பக்கத்திலேயே சொருகிவிட்டார். தூசியும் ஒயருமாகக் கிடக்கிற இடம். யார் பார்க்கப்போகிறார்கள்?

"ஆளு பாக்காது அத்தான், கம்ப்யூட்டர் பாக்குமே. ஆன் பண்ணினதும் யார் யார் வந்திருக்காங்கன்னு தேடித் தேடி, முன்னால வந்ததுக்கு E, பின்னால வந்ததுக்கு F-ன்னு ஆளுக்கு ஒரு எழுத்து குடுக்குமே?"

"சத்தத்தை அணைச்சிட்டேன். அறிவிப்பையும் அணைச்சிட்டேன். எனக்கே பாடம் நடத்தறியா?"

சாயங்காலம் அவள் தைத்த கவுன்களைக் கொடுக்கப் போகும் ஒரு மணி நேரத்தில் ஆல்பம் வளர்ந்தது. பத்து நாளில் இருபத்தைந்து படமும் முடிந்தது. தினமும் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் கண்ணில் படாதபடி பாதி வெளியே இழுத்துவிடுகிற பென் டிரைவை, அந்தச் சந்தோஷத்தில் அன்று இழுக்க மறந்துவிட்டார்.

மறுநாள் காலை கடைக்குப் போன் வந்தது.

"என்னங்க, நீங்க எழுதி ஒட்டின சீட்டுப்படி வரலைங்க."

மானிட்டரில் அவர் ஒட்டிய சீட்டு அது. ஒன்று: ஆன் செய். இரண்டு: உன் பென் டிரைவை முன்பக்கம் சொருகு. மூன்று: E-யைத் திற. நான்கு: பிரிண்ட் போடு. அவள் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் எழுதி வைத்ததை ஒரு புள்ளி பிசகாமல் செய்வாள்.

"மூணாவது படியில என்ன எழுதியிருக்கேன்?"

"E-யைத் திறன்னு. ஆனா எப்பவும் ஒண்ணுதானேங்க வரும், இன்னிக்கு F-ன்னு கூட ஒண்ணு நிக்குது. என்னோடது அதுவா இருக்குமோன்னு..."

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். "கண்டதையும் யோசிக்காதே! சீட்டுல என்ன இருக்கோ அதைச் செய். E-யைத் திற!"

"அதுல வேற என்னமோ இருக்குங்க."

"இருக்கறதைத் திற!"

மவுஸைத் தட்டும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

"என்ன, வந்துச்சா?"

"வந்துச்சுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பாத்தியா!"

"பாத்தேங்க."

போனை வைத்துவிட்டு மைத்துனனிடம், "ஒரு எழுத்தைத் திறக்க இவ்வளவு பாடு" என்றார். தம்பி எதையோ சொல்ல வாயெடுத்து, ஸ்க்ரூவைத் தேடுகிற சாக்கில் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டான்.

அன்றைக்கு மாலை காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது. மறுநாள் பிய்ந்த சட்டைப் பொத்தான் சொல்லாமலே தைக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த நாள், "பிரிண்டர்ல கலர் மை தீர்ந்துபோச்சுங்க" என்றாள்.

"பேட்டர்னுக்குக் கலர் எதுக்கு?"

"பூப்போட்ட கவுனுங்க."

அவர் மை வாங்கி வந்து கொடுத்தார்.

கல்யாண நாளன்று காலையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஆல்பத்தைத் திறந்தார். அவருக்குக் காது ரெண்டும் செக்கச்செவேல். முதல் படம், கீழே: 'அன்னிக்கு நீ என்னை நிமிர்ந்தே பாக்கல.' ஒன்பதாவது: 'இந்த வருஷம் ஒரு மாசம் பேசாம இருந்தே. என்ன தப்பு செஞ்சேன்னு இன்னும் தெரியல.' கடைசிப் படம்: 'நீ இல்லாம எனக்கு எதுவும் ஓடாது.'

அவள் கண் கலங்கியிருந்தது. வாய் திறக்கவில்லை.

ஜெயித்துவிட்டார்! "என்ன, பேச்சையே காணோம்?"

அவள் எழுந்து தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பிரித்தார். பூப்போட்ட துணியில் அட்டை தைத்த புத்தகம். உள்ளே அவருடைய இருபத்தைந்து படங்கள், அவருடைய வரிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் அவளுடைய குண்டு குண்டு எழுத்து.

'பாத்தேன். நீங்கதான் செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னீங்க.'

'தெரியலங்கிறதுதான் தப்பு.'

கடைசிப் பக்கத்தில்: 'எனக்கும்தான்.'

அவருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார்.

"இது... இது எப்படிம்மா?"

அவள் மானிட்டரில் ஒட்டிய சீட்டைக் காட்டினாள். "மூணாவது படியோட நிறுத்தச் சொல்லலையேங்க. நாலாவது படி, பிரிண்ட் போடுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"